கழற்றித் தைக்கும் லேஸ்: 1860களின் நடன கவுனுக்கு எதை வாங்குவது, எவ்வளவு, எப்படித் தைப்பது

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணிக்குக் கல்யாணம். உடுத்தியது வெள்ளைப் பட்டு சாட்டின் கவுன். அதன் மேல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பியர் கிராமத்துப் பெண்கள் கையால் பின்னிய ஹானிடன் லேஸ். அந்த லேஸ் கவுனோடு பெட்டிக்குள் போய்விடவில்லை. அதன்பின் வந்த வீட்டு விசேஷங்களில் வேறு வேறு உடைகளின் மேல் திரும்பத் திரும்ப வந்தது. 1885இல் கடைசி மகள் பியட்ரிஸ் அதே லேஸை அணிந்து மணம் முடித்தார். 1897இல் வைர விழாவுக்கென்று வெளியான படத்தில் முதிய ராணியின் உடையில் இருப்பதும் அந்தக் கல்யாண லேஸ்தான்.

நைந்துபோன பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையைப் பிரித்து வேறு துணியில் வைத்துத் தைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். நல்ல லேஸ் ஒரு சொத்து. கவுன் இரண்டு பருவம் உழைக்கும், லேஸ் இரண்டு தலைமுறை உழைக்கும். அதனால் அன்றைய தையல்காரிகள் லேஸைப் பிரித்தெடுக்கும்படியே தைத்தார்கள். இன்று அந்தக் காலக் கவுனை மறுபடி தைப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த ஒன்றை மறந்ததால் வருபவை. கவுனை முழுதாக முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில், கடைசி வாரத்தில் லேஸ் வாங்கப் போகிறார்கள். வாங்கியதை மெஷினில் ஓட்டி நிரந்தரமாகப் பிணைத்தும் விடுகிறார்கள். முறை நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் லேஸ் கைக்கு வரட்டும். அதன் அகலம்தான் பாவாடையில் ஃப்ரில் எங்கே உட்காரும் என்று சொல்லும். அதன் வெண்மைதான் பட்டின் நிறத்தைத் தீர்மானிக்கும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கவுன்: 1862க்கும் 1865க்கும் இடைப்பட்டது, மொடமொடப்பான பட்டு டஃபெட்டா, தோள் திறந்த கழுத்து, குட்டைப் பஃப் கை, உள்ளே பாவாடையை விரித்துப் பிடிக்கும் க்ரினோலின் கூண்டு, பாவாடையின் அடிச்சுற்று நாலரை மீட்டர், மார்பளவு 36 அங்குலம். உங்கள் அளவு வேறானாலும் கணக்குப் போடும் வழி இதுதான்.

வருடம் தெரியாமல் லேஸ் வாங்காதீர்கள்

விக்டோரியா காலம் என்பது 1837 முதல் 1901 வரை. அவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரே லேஸ் கிடையாது. கடையில் 'விக்டோரியன் லேஸ்' என்று சீட்டு ஒட்டிய உருண்டைகளில் பெரும்பாலானவை 1890களின் சாயலில் இருக்கும், இல்லாவிட்டால் எந்தக் காலத்துச் சாயலும் இருக்காது.

1840களில் பட்டில் நெய்த, பளபளப்பான, லேசான க்ரீம் நிற ப்ளோண்ட் லேஸும் ஹானிடனும் பிரஸ்ஸல்ஸ் வகைகளும். 1850களில் அடுக்கடுக்காக ஃப்ரில். 1860களின் முதல் பாதி, மெல்லிய வலையில் பூ வேலை செய்த கறுப்புப் பட்டு லேஸான ஷான்டிலியின் பொற்காலம். ரோஜா நிறம், ஊதா, மஞ்சள், வெள்ளை என்று எந்தப் பட்டின் மேலும் கறுப்பு லேஸைப் போர்த்தினார்கள். கறுப்பைக் கண்டதும் துக்க உடை என்று நினைக்க வேண்டாம். வண்ணப் பட்டின் மேல் வந்தால் அது கொண்டாட்டம். 1870களில் பின்புறம் உப்பிய பஸ்ஸில் கவுன்களில் மெல்லிய வலன்சியென் லேஸ் மீட்டர் மீட்டராக ஓடியது. ஐரிஷ் குரோஷே மேல்தட்டு நாகரிகமானது அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்.

தனியாகச் சொல்ல வேண்டியது கிப்யூர். வலைப் பின்னணியே இல்லாமல், பூவும் பூவும் சின்னச் சின்ன நூல் பாலங்களால் இணைந்திருக்கும் தடித்த லேஸ். கல்யாண உடைக் கடைகளில் இதுதான் குவிந்து கிடக்கிறது. கரைந்துவிடும் துணியின் மேல் மெஷினில் எம்பிராய்டரி போட்டு, பிறகு அந்தத் துணியை ரசாயனத்தால் கரைத்து எடுப்பது இதன் செய்முறை. இது 1880களில் வந்த தொழில்நுட்பம். 1863ஆம் வருடக் கவுனில் இதை வைத்தால் இருபது வருடம் தள்ளிப்போகும். எடையும் கூட, டஃபெட்டா ஃப்ரில்லைக் கீழே இழுத்துத் தொங்கவிடும். 1890களின் கவுன் தைக்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

எங்கள் 1862–65 கவுனுக்குப் பொருந்துபவை மூன்று: ஷான்டிலி வகை, வலைமேல் பூ ஒட்டித் தைத்த ஹானிடன் அல்லது பிரஸ்ஸல்ஸ் வகை, ப்ளோண்ட். கழுத்தின் உள்ளே வைக்க மட்டும் ஒன்றரை செ.மீ. வலன்சியென். மூன்றில் எது என்பதை உடுத்துபவரின் வயதும் சேர்ந்து முடிவு செய்யும். அன்றைய வழக்கப்படி கல்யாணமாகாத இளம்பெண் டார்லட்டன், டூல் போன்ற காற்றாடும் துணிகளில் லேசான லேஸோடு வருவாள். கனமான பட்டும் அகலமான லேஸ் ஃப்ரில்லும் கல்யாணமானவர்களுக்கு.

மெஷின் லேஸ் வைத்தால் போலியாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். ஜான் ஹீத்கோட் வலை பின்னும் பாபினெட் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1808இலும் 1809இலும். 1813 வாக்கில் நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ் தன் மெஷினை உருவாக்கினார். பின்னர் அதில் துளையட்டையால் வடிவம் போடும் ஜக்கார்ட் கருவி சேர்ந்ததும் பூ வேலையும் மெஷினுக்கு வசப்பட்டது. 1860களில் நடுத்தர வீட்டுப் பெண் அணிந்த ஷான்டிலி, நாட்டிங்ஹாமிலோ கலேயிலோ மெஷினில் நெய்ததாகவே பெரும்பாலும் இருந்திருக்கும். லீவர்ஸ் மெஷின்கள் இன்றும் பிரான்ஸின் கலே, கோத்ரி ஊர்களில் ஓடுகின்றன. அங்கிருந்து வரும் லேஸ் விலை கூடுதல்தான்; ஆனால் 1860களின் கண்ணுக்கு மிக அருகில் நிற்பது அதுவே.

நம் ஊர்ப் பக்கமும் அதே காலத்தில் இந்த வேலை நடந்தது. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள், கால்டுவெல்லின் மனைவி எலிசா, இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. தெற்கிலும் இலங்கையிலும் லேஸுக்கு வழங்கும் 'ரேந்தை' என்ற சொல் இன்னும் பழையது. போர்த்துகீசியரின் 'ரெண்டா'விலிருந்து வந்தது.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். லேஸின் பூவை விட்டுவிட்டு முதலில் வலையைப் பாருங்கள். பாபினெட் அல்லது லீவர்ஸ் வலையில் ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய வட்டமாக, ஆறுபக்கமாகத் தெரியும். ஒரு நூல் இன்னொரு நூலை முறுக்கிக்கொண்டு போகும். ராஷல் மெஷின் லேஸில் முறுக்கு இருக்காது. ஸ்வெட்டரில் இருப்பதுபோலக் குட்டிக் குட்டிச் சங்கிலி வளையங்கள் நெடுக இறங்கும். ராஷல் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. லென்ஸ் இல்லையென்றால் குறுக்குவாட்டில் மெதுவாக இழுங்கள். ரப்பர்போல நீண்டு திரும்பினால் அதில் எலாஸ்டேன் நூல் இருக்கிறது, அதை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். கொஞ்சம் நீண்டு சோம்பலாகத் திரும்பினால் ராஷல். முறுக்கு வலை இழுவைக்கு மிகக் கொஞ்சமே இடம் கொடுக்கும்.

அடுத்தது பூ எப்படிப் பரவியிருக்கிறது என்பது. 1860களின் ஃப்ரில் லேஸில் ஒரு ஒழுங்கு உண்டு. கீழே வளைவு ஓரத்தில் ரோஜா, பெரணி, கொடி என்று வேலை நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போக அது விலகி, தையல் ஓரத்துக்குப் பக்கத்தில் வெறும் வலையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் புள்ளிகளும் மட்டும் நிற்கும். சுருக்கு விழப்போவது மேலே, பார்வை விழப்போவது கீழே. அதற்கேற்ற அமைப்பு இது. இன்றைய கல்யாண லேஸில் பூ மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தியில் நிரம்பியிருக்கும். அதைச் சுருக்கினால் மேலே மொத்தையாகத் திரளும். 25 செ.மீ. அகல லேஸ் வாங்கும்போது மேல் 8 செ.மீ.யாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நடன கவுனில் ஃப்ரில் நன்றாக விழுவதற்கு இந்தக் காலி இடத்தைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை.

பூவைச் சுற்றித் தடித்த ரேயான் கயிறு பளபளவென்று ஓடுகிறதா? அது 20ஆம் நூற்றாண்டுக் கல்யாண உடையின் முகம். சீக்வின், முத்து ஒட்டியதும் அப்படியே. ஷான்டிலியின் வளைவு ஓரத்தில் கண்ணிமைபோல நூல் பிசிறுகள் நீண்டிருந்தால், கூர்மையான கத்தரியால் 2 மி.மீ. விட்டு நறுக்கிவிடலாம். அதற்கும் உள்ளே வெட்டினால் ஓர வளையம் அறுந்து பிரியத் தொடங்கும்.

பருத்தி என்று கேட்டு வாங்குபவர்கள் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். கடையில் 'காட்டன் லேஸ்' என்றால் எடுத்துத் தருவது டார்ஷான் வகை: தடித்த நூல், விசிறிபோல, வைரம்போலக் கோணங்கள். நிஜப் பருத்திதான், நிஜமாகவே பழைய வடிவம்தான். ஆனால் அதன் இடம் உள்பாவாடையும் தலையணை உறையும். பட்டு டஃபெட்டாவின் மேல் அதை வைத்தால் நடன கவுன் வீட்டு உடையாகிவிடும். என் தீர்ப்பு இது: நூலின் மெலிவு முதலில், வடிவம் அடுத்து, என்ன நார் என்பது மூன்றாவது. கரடுமுரடான பருத்தியைவிட, பளபளப்பு அடங்கிய மெல்லிய நைலான்–விஸ்கோஸ் லீவர்ஸ் லேஸ் எத்தனையோ மேல்.

ஆனாலும் நார் என்ன என்று தெரிய வேண்டும், ஏனென்றால் சாயமும் இஸ்திரியும் அதைப் பொறுத்தவை. ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையும் மிருதுவான சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முடி கருகும் நாற்றமும், நசுக்கினால் பொடியாகும் கறுப்பு மணியும் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியானால் பாலியஸ்டர் அல்லது நைலான்.

மீட்டர் கணக்கு

ஃப்ரில்லுக்கு இரட்டை நீளம் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். அது சாதாரணத் துணி ஃப்ரில்லுக்கு உரிய கணக்கு. லேஸில் பூ தெரிய வேண்டும். இரட்டைச் சுருக்கில் பூ மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பத்து செ.மீ.க்கு மேல் அகலமான லேஸுக்கு ஒன்றேகால் மடங்கு போதும். நாலைந்து செ.மீ. லேஸுக்கு ஒன்றரை மடங்கு. ஒன்றரை செ.மீ. வலன்சியென் கழுத்துக்குள் சும்மா எட்டிப் பார்ப்பது. அதற்கும் ஒன்றேகால் மடங்கு.

அளவைக் கூண்டின் மேல் பாவாடையை மாட்டிவிட்டு எடுங்கள். 1850களின் பாவாடை நேர்த் துணிகளை இணைத்துத் தைத்தது. அடியிலும் இடுப்பிலும் துணியின் சுற்றளவு ஒன்றே, மேலே சுருக்கு மட்டும்தான் கூடும். அதனால் எல்லா அடுக்கு ஃப்ரில்லுக்கும் ஒரே நீளம். 1860களில் பாவாடைத் துணிகளைச் சாய்வாக வெட்டத் தொடங்கினார்கள். மேலே போகப் போகச் சுற்று குறையும். எங்கள் கவுனில் கீழ் ஃப்ரில்லின் அகலம் 25 செ.மீ. அதன் நுனி பாவாடை ஓரத்துக்கு 3 செ.மீ. மேலே நிற்க வேண்டும். அப்படியானால் தையல் கோடு ஓரத்திலிருந்து 28 செ.மீ. உயரத்தில் வரும். அங்கே சுற்று சுமார் 3.8 மீட்டர், ஒன்றேகால் மடங்குக்கு 4.75 மீட்டர் லேஸ். மேல் ஃப்ரில் அதற்கு 20 செ.மீ. மேலே, சுற்று 3.35, லேஸ் 4.2 மீட்டர். இரண்டும் சேர்ந்து ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முழுப் பூ வரிசை வீணாகும் என்பதால் பத்து மீட்டராக வாங்குங்கள், ஒரே உருண்டையிலிருந்து. இரண்டு உருண்டையின் வெள்ளை ஒன்றுபோலவே இருக்கும் என்று நம்பினால் விளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியும்.

நுனிக்கும் ஓரத்துக்கும் இடையில் அந்த 3 செ.மீ. எதற்கு? வால்ட்ஸ் ஆடும்போது மிதிபடுவது பாவாடை ஓரம். அங்கே கம்பளிப் பின்னல் நாடா தைத்து அடியைத் தாங்கவைப்பது அன்றைய வழக்கம். மிதியும் அழுக்கும் அதோடு நிற்க வேண்டும்.

தோளைச் சுற்றி விழும் அகலக் காலரான பெர்த்தாவுக்கு 12 செ.மீ. அகல லேஸ். கழுத்து ஓரத்தில் சுற்று 100 செ.மீ., லேஸின் நுனி விழும் இடத்தில், கைகளையும் சேர்த்து, 118 செ.மீ. நேரான லேஸ் பட்டையை 100க்கு வெட்டினால் நுனி விரியாமல் கையைக் கட்டிப் போடும். கையைத் தூக்கினால் கிழியும். 120 செ.மீ. எடுத்து, தையல் ஓரத்தை 100க்குச் சுருக்குங்கள். சுருக்கு முழுவதும் தோள் முனைகளில் திரள வேண்டும், முன்னும் பின்னும் தட்டையாக இருக்கட்டும். முன்னால் கூர்முனை, பின்னால் திறப்பு, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். கைக்கு 5 செ.மீ. லேஸ், 32 செ.மீ. கைச்சுற்றுக்கு ஒன்றரை மடங்கு வைத்து இரண்டு கைக்கும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கழுத்துக்குள் வலன்சியென் ஒன்றரை மீட்டர்.

பத்து மீட்டர் அகல லேஸ் கட்டுப்படியாகாது என்றால், பணத்தை பெர்த்தாவில் போடுங்கள். எதிரே நிற்பவர் பார்ப்பது அதைத்தான். பாவாடைக்கு நல்ல பட்டு அல்லது பருத்தி பாபினெட்டை 22 செ.மீ. அகலமாக வெட்டி, நுனியில் மூன்று நான்கு செ.மீ. லேஸ் வைத்துக் கொள்ளலாம். டூல் ஃப்ரில்லுக்கு ப்ளோண்ட் ஓரம் வைப்பது அந்தக் காலத்தவர்களே செய்ததுதான். அகல லேஸும் குறுகிய லேஸும் ஒரே பூ வடிவத்தில் இருப்பது சிறப்பு. இரண்டு செ.மீ. லேஸைப் பத்து வரிசை ஓட்டுவது மட்டும் வேண்டாம். அது ஜன்னல் திரையாகிவிடும்.

வெண்மை

பணத்தாள் சோதிக்கும் புறஊதா டார்ச் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இருட்டில் லேஸின் மேல் அடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அதில் ஒளிர்வெண்மை ரசாயனம் ஏற்றியிருக்கிறார்கள். இது 20ஆம் நூற்றாண்டின் பொருள். பகலில் 'சுத்த வெள்ளை'யாகத் தெரிந்தது, மேடை விளக்கிலும் சில நடன அரங்க விளக்குகளிலும் பட்டை விட்டுத் தனியாகத் துள்ளி நிற்கும். எரிவாயு விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும் பார்ப்பதற்காக உண்டான லேஸ் பால் வெள்ளையிலிருந்து லேசான க்ரீம் வரைதான்.

பருத்தியிலும் விஸ்கோஸிலும் தேயிலைச் சாயம் பிடிக்கும். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு தேக்கரண்டி டீத்தூள், பத்து நிமிடம் ஊறவிட்டு, தூள் துளிகூட இல்லாமல் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும். ஒரு தூள் ஒட்டினாலும் பழுப்புப் புள்ளி விழும். லேஸை முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழியாமல் வடியவிடுங்கள். காய்ந்த லேஸைப் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முழு நீளத்தையும் ஒரே பாத்திரத்தில், ஒரே முறையில், கிளறிக்கொண்டே இரண்டு நிமிடம். ஈரத்தில் இரண்டு மடங்கு கறுப்பாகத் தெரியும். அதனால் பத்து செ.மீ. துண்டில் முன்னதாகப் பரிசோதித்து, காயவைத்து, பட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரும்புச் சட்டியில் செய்யவே கூடாது. தேயிலையின் டானின் இரும்போடு சேர்ந்து சாம்பல் கறுப்பாகும். அந்த நிறம் போகாது. எவர்சில்வர் போதும். நைலானுக்கு அமிலச் சாயம் வேண்டும். பாலியஸ்டர் இந்த இரண்டுக்கும் மசியாது, சரியான நிறத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பருத்தி லேஸை வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள். மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. சுருங்கும்.

தைப்பது

விதி ஒன்றுதான்: யாராவது ஃப்ரில்லை மிதித்தால் முதலில் அறுவது தையல் நூலாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் நூல் அறாது, வலையை அறுக்கும். அதனால் 60 முதல் 80ஆம் நம்பர் பருத்தி நூல், 11 அல்லது 12ஆம் நம்பர் மெல்லிய ஊசி. அறுந்த நூலைப் பக்கத்து அறையில் ஐந்து நிமிடத்தில் மறுபடி தைத்துவிடலாம். கிழிந்த லேஸை அப்படிச் செய்ய முடியாது.

வலன்சியெனின் தையல் ஓரத்தில் உருவக்கூடிய நூல் ஒன்று நெடுக ஓடும். ஒரு முனையில் முடிச்சிட்டு, மறுமுனையில் அந்த நூலைக் குண்டூசியால் வெளியே எடுத்து இழுத்தால் லேஸ் தானாகச் சுருங்கும். ஐம்பது செ.மீ.க்கு மேல் ஒரே இழுப்பில் போகாதீர்கள். நூல் நடுவில் அறுந்தால் அந்தப் பகுதியில் கையால் ஓட்டித் தைத்துச் சுருக்க வேண்டியதுதான்.

அகல ஃப்ரில்லை நேரே பாவாடையில் தைக்காமல், 6 மி.மீ. பருத்தி நாடாவில் முதலில் ஏற்றுங்கள். நாடாவையும் லேஸையும் எட்டுச் சம பாகமாக வண்ண நூலால் அடையாளம் வைத்து, பாகத்துக்குப் பாகம் பொருத்திச் சுருக்கினால் சுருக்கு ஒரே சீராக வரும். பிறகு நாடாவைப் பாவாடையில் 7, 8 மி.மீ. ஓட்டுத் தையலில், பத்து செ.மீ.க்கு ஒரு பின்தையல் போட்டுப் பிடித்தால் போதும். பிரிக்கும்போது அரை மணி நேரத்தில் ஃப்ரில் முழுதும் நாடாவோடு கையில் வந்துவிடும். நாடாவின் மேல் ஒரு மெல்லிய ரிப்பன் அல்லது பட்டு முறுக்கு ஓடினால் தையல் மறையும்.

இணைப்புதான் கைப்பழக்கம் கேட்கும் இடம். இரண்டு முனைகளையும் நேராக வெட்டித் தைத்தால் ஒரு கோடு தெரிந்தே தீரும். ஒரு முழுப் பூ வரிசை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வையுங்கள், மேல் ரோஜா கீழ் ரோஜாவின் மேல் இதழுக்கு இதழ் உட்காரும்வரை. குண்டூசி குத்தி, பூவின் விளிம்பை ஒட்டி, அது வளைகிற வழியே வளைந்து, மிகச் சிறிய சுற்றுத் தையலாக மேலிருந்து கீழ்வரை வாருங்கள். வெறும் வலை வரும் இடத்தில் நேராகக் கடக்காமல் பக்கத்துக் கொடியைப் பிடித்துப் போங்கள். பிறகு தையலுக்கு 2 மி.மீ. விட்டு மேல் அடுக்கின் மிச்சத்தை நறுக்கி, திருப்பிப் போட்டுக் கீழ் அடுக்கின் மிச்சத்தையும் நறுக்குங்கள். அடியில் ஒரு அட்டையைச் செருகிக்கொண்டு வெட்டினால் தவறிப்போய் நடு லேஸில் கத்தரி படாது. பெர்த்தாவின் முன் கூர்முனையும் இதே வேலைதான், கோணம் மட்டும் கூடுதல். பாவாடை இணைப்புகளைப் பின்புறம் இடப்பக்க மடிப்பில் ஒளித்துவிடலாம்.

பெர்த்தாவைத் தனி உருப்படியாகவே செய்யுங்கள். கழுத்து வடிவத்தில் வெட்டிய வலையை அடித்தளமாக வைத்து, அதன் மேல் டூல் மடிப்புகள், கீழ் ஓரத்தில் லேஸ். நடன கவுனின் மேற்சட்டை பெரும்பாலும் பின்னால் கண்ணி வைத்து நாடாவால் இறுக்குவது. அதனால் பெர்த்தாவும் பின் நடுவில் திறந்து, இரண்டு சின்னக் கொக்கிகளால் மூட வேண்டும். இதை மறந்து வட்டமாக மூடித் தைத்துவிட்டு, உடுத்தும் நாளில் பின்னால் வெட்ட வேண்டியது வருகிறது. வலன்சியெனை மெல்லிய பருத்திப் பட்டையில் ஏற்றி, உள்ளே இழுநாடா கோத்து, கழுத்தின் உள்ஓரத்தில் கச்சாத் தையலாக வையுங்கள். வியர்வையும் பவுடரும் பட்டில் படாமல் அது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை உடுத்திய பிறகும் பிரித்துத் துவைக்கலாம்.

இஸ்திரி எப்போதும் லேஸின் பின்பக்கம், கீழே மடித்த துண்டு, மேலே மெல்லிய ஆர்கன்சா. அழுத்தி இழுக்காமல், வைத்து வைத்து எடுங்கள்.

நூறாண்டுப் பழைய லேஸ் கையில் கிடைத்தால்

வெள்ளைப் பருத்தி லேஸ் வலுவாக இருந்தால் பயன்படுத்தலாம். வெட்டக் கூடாது, மிச்ச நீளத்தை மடித்து உள்ளே விடுங்கள், சாயத்தில் முக்க வேண்டாம். கறுப்புப் பட்டு லேஸ் வேறு கதை. அன்றைய கறுப்புச் சாயத்தில் பெரும்பாலும் இரும்பும் டானினும் சேர்ந்திருக்கும்; காலப்போக்கில் அது பட்டையே அரிக்கும். ஓரத்தில் ஒரு நூலை இரு விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். பொடிந்து கறுப்புத் தூள் விழுந்தால் அது நடன அரங்குக்குப் போகக் கூடாது. வடிவத்தைப் படம் பிடித்துக்கொண்டு, அதற்கு நெருங்கிய புது லேஸைத் தேடுங்கள்.

நடனம் முடிந்ததும் ஃப்ரில்லையும் பெர்த்தாவையும் அன்றைக்கோ மறுநாளோ பிரித்துவிடுவது நல்லது. கவுனோடு தொங்கவிட்டால் லேஸின் எடையை மாதக்கணக்கில் அந்தச் சின்னத் தையல்கள் சுமக்கும், மேல் வலை நீளும். அமிலமில்லாத வெள்ளைத் தாள் சுற்றிய அட்டைக் குழாயில், பூ வெளிப்பக்கம் இருக்க, மடிப்பு விழாமல் சுருட்டுங்கள். மேலே துவைத்த பருத்தித் துணி. பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துவைக்கும். எத்தனை மீட்டர், என்ன அகலம், எத்தனை இணைப்பு, எந்த நாரில் ஆனது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் குழாயோடு நாடாவில் கட்டிவையுங்கள். அடுத்த கவுனுக்கு அளவெடுக்கும்போது உருண்டையைப் பிரிக்காமலே கணக்குப் போடலாம்.